யெப்தாவின் பொருத்தனை

இறைவன் தன் உடன்படிக்கையில் மாறாதவன். ஆகலின் அவனை நம்புவோனும் தான் உரைத்த சொல்லில் மாறலாகாது என்பது கிறித்தவ அறத்தின் அடிப்படைகளுள் ஒன்று. சொற்காத்தல் அங்கே விசுவாசத்தின் ஒரு கூறாகவே கொள்ளப்படுகிறது. இக்கொள்கையைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்கும் பகுதி பழைய ஏற்பாட்டில் நியாயாதிபதிகள் ஆகமத்தின் 11-ஆம் அதிகாரமாகும். அதனை இலக்கியமாகக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

யெப்தா பரத்தை வயிற்றில் பிறந்தவன்; உடன்பிறந்தாரால் துரத்தப்பட்டவன். அம்மோனியர் படையெடுத்தபோது கீலேயாத்தின் மூப்பர் அவனையே நாடி வந்தனர். வெற்றி தந்தால், தான் திரும்புங்கால் தன் வீட்டு வாயிலினின்று எதிர்வருவதைத் தகனபலியாக்குவதாக அவன் இறைவனுக்குப் பொருத்தனை செய்தான். வென்று மீண்டவன்முன் தம்புரு ஒலிக்க ஆடி வந்தவள் அவனுடைய ஒரே மகள்.

பொருத்தனை, நேர்ச்சை என்னும் இரு சொற்களும் தமிழ்க் கிறித்தவரிடை வழங்குகின்றன. முன்னது சீர்திருத்தச் சபையாரிடத்தும் பின்னது கத்தோலிக்கரிடத்தும் பயின்றுள்ளது. நேர்தல் என்பது உடன்படுதல். பொருத்தனையிலோ இரு பக்கத்தையும் இணைத்துப் பொருத்தும் குறிப்பு உண்டு. யெப்தாவின் கூற்றுக்கு இரண்டாவது சொல்லே ஏற்புடையது. 'நீ தந்தால் நான் தருவேன்' என்னும் பேரமே அவன் வாயினின்று வந்தது. நூலாசிரியர் வைத்த முறையும் கருதத்தக்கது: 29-ஆம் வசனத்தில் தேவ ஆவி அவன்மேல் இறங்குகிறது, 30-ஆம் வசனத்தில் அவன் பொருத்தனை செய்கிறான். அருள் முன்னரே வந்துவிட்டது; வந்ததை விலை பேசினான் அவன். எனவே சொல்லைக் காத்தமையில் தோன்றும் விசுவாசத்தினும் சொல்லைக் கொடுத்தமையில் தோன்றும் ஐயமே பெரிதெனலாம். எபிரேயர்க்கு எழுதிய நிருபத்தின் 11-ஆம் அதிகாரம் அவனை விசுவாசிகளின் வரிசையில் நிறுத்துவது உண்மையே. ஆயின் அங்குள்ளது அவன் பெயர் மட்டுமே. பொருத்தனை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தமிழ் கற்றார்க்குத் தயரதன் நினைவு வருதல் இயல்பு. சம்பரப் போரில் தனக்கு உதவிய கைகேயிக்கு அவன் தந்த வரம் இரண்டும், இன்னதெனக் குறியாது தரப்பட்டவை. யெப்தாவின் சொல்லும் அத்தகையதே. மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் ஏரோது ஆடிய பெண்ணுக்கு ஆணையிட்டு உரைத்ததும் அத்தகையதே. வெற்றோலையில் முன்னரே கையொப்பம் இட்டவர் மூவரும். எனினும் தயரதன் தன் சொல்லின் விலையை உயிரால் தானே செலுத்தினான். ஏரோதின் சொல்லுக்கு விலையானது யோவானின் தலை; யெப்தாவின் சொல்லுக்கு விலையானது மகளின் உயிர். தனக்குக் கேடு வரினும் ஆணை தவறாதவனையே 15-ஆம் சங்கீதம் போற்றுகிறது. அங்குக் குறிக்கப்படும் கேடு ஆணையிட்டவனுடையது, பிறருடையது அன்று. யோசுவா 9-இல் கிபியோனியர் வஞ்சித்துப் பெற்ற உறுதிமொழியையும் இசுரவேலர் காத்தனர். அதனால் உயிர்கள் பிழைத்தன. சொற்காத்தலின் தூய உருவம் அதுவே என்பது எம் கருத்து.

பிற்காலத்தார் இக்கதையோடு பலவாறு போராடினர். ஆதியாகமத்திற்கு எழுந்த பழைய யூத உரையொன்று, பொருத்தனையை நீக்க வல்ல ஆசாரியன் பினெகாசும் தலைவன் யெப்தாவும் 'யார் யாரிடம் செல்வது' எனச் செருக்கி நின்றமையால் பெண் அழிந்தாள் என்கிறது. தாவீது கிம்கி முதலிய இடைக்கால உரைகாரர், அவள் கொல்லப்படவில்லை, கன்னியாக ஒதுக்கப்பட்டாள் என்றனர். காட்லாந்துப் புலவர் புக்கானன் 1554-இல் வெளியிட்ட இலத்தீன் நாடகத்தில் ஆசாரியன் ஒருவன், தீய பொருத்தனையைக் காத்தல் பத்தி ஆகாதென வாதிடுகிறான்; யெப்தா இணங்கான். இவற்றுள் மூலத்தின் கூர்மைக்கு ஈடு கொடுப்பது இந்நாடகமே. 1751-இல் கேண்டல் அமைத்த இசைநாடகத்தில் தேவதூதன் தோன்றிப் பெண்ணை மீட்கிறான். இசையின் மாண்பு ஒருபுறம் இருக்க, கதையின் நெஞ்சம் அங்கே மழுங்குகிறது. ஆபிரகாமின் கையைத் தடுத்த குரல் மிஸ்பாவில் எழாமையே மூல ஆசிரியரின் துணிவு.

உரைகாரர் பலரும் தந்தையையே ஆராய்ந்தனர்; மகளைக் கண்டவர் சிலரே. பெயரும் சுட்டப்படாத அவள் கேட்டது இரண்டு மாதத் தவணை. தன் கன்னிமைக்காகத் துக்கங்கொண்டாடத் தோழியரோடு மலைகளுக்குச் சென்றாள். அங்கே காவல் இருந்ததாக நூல் கூறவில்லை. தப்பிச் செல்ல மலையும் இருந்தது, காலமும் இருந்தது. இரண்டு மாதம் முடிந்தபின் தந்தையிடம் திரும்பினாள் என்று ஆசிரியர் அடையொன்றும் சேர்க்காது எழுதிச் செல்கிறார். கதை முழுவதிலும் கைம்மாறு கேளாது கொடுக்கப்பட்ட சொல் அவளுடையது ஒன்றே. இசுரவேலின் குமாரத்திகள் ஆண்டுதோறும் நான்கு நாள் சென்று புலம்பியது அவளை நினைந்தே.