எட்டாம் பருவம்

உலா இலக்கியத்தை நடத்தும்போது மாணவிகள் முதலில் எழுதிக்கொள்வது ஏழு பருவங்களின் பெயர்களையும் வயதுகளையும்தான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். போட்டித் தேர்வுகளில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும் என்பதால் விரல்விட்டு எண்ணி மனப்பாடம் செய்கிறார்கள். பேதைக்கு 5 முதல் 7, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. பாட்டியல் நூல்களுக்குள் வேறுபாடுகள் உண்டு என்றாலும், பாடப்புத்தகக் கணக்கில் 40 வயதோடு பெண் முடிந்துவிடுகிறாள். அதற்குமேல் அவளுக்குப் பெயர் இல்லை. பெயர் வைக்க வேண்டிய தேவை உலா பாடிய புலவருக்கு வரவில்லை.

உலாவின் அமைப்பு எளிமையானது. தலைவன் யானைமேலோ குதிரைமேலோ தேரிலோ வீதியில் வருகிறான். பெண்கள் தங்கள் தங்கள் இடத்தில் நின்று அவனைப் பார்க்கிறார்கள். பார்த்தவர்களுக்கு வளை கழல்கிறது, மேகலை நெகிழ்கிறது, பசலை படர்கிறது. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கயிலாய ஞான உலாவில் வருபவன் சிவன். ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் சோழ மன்னர்கள் மூவர். தலைவன் மாறுகிறான், நிற்கும் பெண்கள் மாறுவதில்லை. சிற்றில் கட்டி விளையாடும் ஐந்து வயதுக் குழந்தையையும் அந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்தும் மரபை ‘கற்பனை நயம்’ என்ற தலைப்பின்கீழ் நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம். இத்தனை உலாக்களிலும் எந்தப் பெண்ணும் தெருமுனையைத் தாண்டி அவன் பின்னால் அடுத்த ஊருக்குப் போனதில்லை.

2024 மார்ச்சில், என் நாற்பத்து மூன்றாவது வயதில், திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறினேன். டெய்லர் ஸ்விஃப்ட்டின் ‘ஈராஸ்’ இசைப் பயணத்தில் ஒரு மாலையைப் பார்ப்பதற்காக. ஈராஸ் என்பதைக் காலங்கள் என்று மொழிபெயர்க்கலாம். தமிழ்த்துறையில் இருப்பவளுக்குப் பருவங்கள் என்றுதான் தோன்றும். தோன்றிய பிறகு உலாவை விட்டு வேறெப்படியும் அந்த நிகழ்ச்சியை என்னால் வாசிக்க முடியவில்லை.

பயணத்துக்கு முன் தடையின்மைச் சான்று வாங்க வேண்டியிருந்தது. விண்ணப்பத்தை வாங்கிய அலுவலர் நல்ல மனிதர். “கருத்தரங்கா மேடம்?” என்றார். இல்லை என்றேன். “சார் அங்கே இருக்காரா?” இல்லை. “அப்ப கோயிலா?” பாட்டுக் கேட்கப் போகிறேன் என்றதும் சிரித்துவிட்டு, காரணம் என்ற இடத்தில் ‘சுற்றுலா’ என்று எழுதச் சொன்னார். அவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை. ஒரு பெண் தனியாக ஊர்விட்டு ஊர் போவதற்கு நம்மிடம் இருக்கும் காரணங்களின் முழுப் பட்டியலையும் அவர் மூன்றே கேள்விகளில் சொல்லி முடித்துவிட்டார்: வேலை, கணவன், கடவுள்.

இதில் மூன்றாவதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சமயபுரத்துக்கு மஞ்சள் சேலையில் நடந்து போகும் பெண்களையும், மேல்மருவத்தூருக்குச் சிவப்புச் சேலையில் பேருந்து பேருந்தாகப் போகும் பெண்களையும் பார்த்து வளர்ந்தவள் நான். என் அம்மாவும் சமயபுரத்துக்கு நடந்திருக்கிறார். திரும்பி வந்து அவர் சொன்ன கதைகளில் அம்மனைவிட வழியில் உட்கார்ந்து சாப்பிட்ட புளிச்சோறும், இரவில் பெண்கள் பேசிச் சிரித்ததும்தான் அதிகம். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் நேர்த்திக்கடன். எங்களுக்குக் காய்ச்சல் குணமானதற்கும், அப்பாவுக்கு வேலை நிரந்தரமானதற்கும் அவர் நடந்தார். தனக்காக நடந்ததாக ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இலக்கியமும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. கடல் கடந்து போகும் பிரிவில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியல் விதிக்கிறது. உடன்போக்கில் பெண் பாலை கடக்கிறாள், ஆனால் அவன் பின்னால். ஆடற்கலைஞன் ஆட்டனத்தியைத் தேடி ஊர் ஊராக அலைந்த ஆதிமந்தியைச் சங்கப் பாடல்கள் மறக்காமல் வைத்திருக்கின்றன. கலைஞன் ஒருவனைத் தேடிப் போன முதல் பெண் என்று அவளைச் சொல்லலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். சொல்லலாம். ஆனால் அவன் அவளுடைய கணவன், அவனை ஆறு கொண்டுபோய்விட்டது, அவள் அழுதுகொண்டே போனாள். இந்த மூன்றும் இல்லாமல் போயிருந்தால் அவளை யாரும் பாடியிருக்க மாட்டார்கள். வெளியூர்களுக்கு நடந்த பெண்கள் பாணர் கூட்டத்து விறலியர்தாம். நிகழ்த்துகிற பெண்ணுக்கு வழி இருந்தது. கேட்கிற பெண்ணுக்கு இல்லை.

‘ரசிகர்’ என்ற சொல்லையும் இங்கே பார்க்க வேண்டும். இலக்கணப்படி அது இருபாலுக்கும் பொது. ரசிகர் மன்றம் என்று சொன்னவுடன் நம் மனத்தில் எழும் கூட்டம் ஆண்களுடையது. எம்.ஜி.ஆர். படங்களுக்குப் பெண்கள் திரண்டார்கள், அவருக்கு வாக்களித்தார்கள். மன்றத்துப் பலகையில் இருந்த பெயர்கள் ஆண்களுடையவை. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனுக்குத் தொண்டன் என்ற கௌரவம் கிடைக்கிறது. ‘ரசிகை’ என்றாலோ பத்திரிகைத் துணுக்குகளில் ஒரு கேலிச் சிரிப்பு கூடவே வரும். நடிகரைப் பார்த்து மயங்கி விழுந்தவள், ரத்தத்தில் கடிதம் எழுதியவள். பெண்ணின் ரசனையை மதிப்பீடாக எடுத்துக்கொள்ளாமல் நோயாகப் பார்க்கும் பழக்கம் அது. உலாவின் பசலைதான்.

சிங்கப்பூரின் தேசிய அரங்கில் மார்ச் 2 முதல் 9 வரை ஆறு நிகழ்ச்சிகள். தென்கிழக்கு ஆசியாவில் வேறெங்கும் இல்லை என்பதால் மணிலா, பாங்காக், ஜகார்த்தா எனப் பல ஊர்களிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். ரயிலிலேயே கூட்டம் தெரிந்தது. அம்மாவும் மகளும், பாட்டியும் பேத்தியும், அலுவலகத் தோழிகள், தனியாக வந்தவர்கள். ஏழு பருவமும் இருந்தன, அதற்குமேலும் இருந்தன. கை நிறைய மணிக்காப்புகள். எழுத்து பொறித்த பிளாஸ்டிக் மணிகளைக் கோத்துப் பாட்டின் பெயரையோ பிடித்த சொல்லையோ எழுதி, எதிரே வருபவரிடம் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொள்ள வேண்டும். 2022இல் வந்த ‘மிட்நைட்ஸ்’ தொகுப்பின் ஒரு பாட்டில் வரும் சிறு குறிப்பிலிருந்து ரசிகைகள் தாங்களாகவே உருவாக்கிக்கொண்ட வழக்கம் இது. நான் திருச்சி தெப்பக்குளம் பக்கத்துக் கடைகளில் மணி வாங்கி, தமிழ் எழுத்து மணி கிடைக்காமல், வெள்ளை மணிகளில் மார்க்கரால் ‘பேரிளம்பெண்’ என்று எழுதிக் கோத்திருந்தேன். கழிப்பறை வரிசையில் நின்ற பிலிப்பினோப் பெண் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு அர்த்தம் கேட்டார். ‘முப்பத்திரண்டிலிருந்து நாற்பது வரை’ என்றேன். தனக்கு ஐம்பத்தொன்று என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டார்.

உலாவில் வளை கழல்வது ஒரு ஆணைப் பார்த்ததால். இங்கேயும் கையைவிட்டு வளை போகிறது, இன்னொரு பெண்ணின் கைக்கு. மேடையில் இருப்பவளுக்கு அதில் வேலையே இல்லை.

மேடையில் இருந்தவளுக்கு அப்போது வயது 34. உலாக் கணக்கில் அவளும் பேரிளம்பெண். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக, நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்களில், தன் தொகுப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நிறம், ஒரு உடை, ஒரு குரல். வரிசை வயதுப்படி இல்லை. 2019இன் தொகுப்பில் தொடங்கி 2008க்குப் போய், 2020க்கு வந்து, மறுபடி பின்னால் போகிறது. பெண்ணின் பருவம் என்பது அவளை மணச்சந்தைக்கு எவ்வளவு தூரத்தில் வைப்பது என்ற அளவுகோலாகவே நம் மரபில் இருந்திருக்கிறது. தான் எழுதியவற்றை வைத்து ஒருத்தி தன் பருவங்களைப் பிரித்துக்கொள்வதும், முப்பத்து நான்கு வயதில் பதினெட்டு வயதின் பாட்டை வெட்கமில்லாமல் பாடுவதும் என்னை அசைத்தன. கவிதை எழுதுகிற பெண்களுக்கு இது புரியும். முதல் தொகுப்பை மறைத்துவைக்கும்படி எவ்வளவு பேர் நமக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள்!

அந்தப் பாடல்களின் உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய முதல் ஆறு தொகுப்புகளின் மூல ஒலிப்பதிவுகள் 2019இல் அவர் விருப்பத்துக்கு மாறாக வேறொருவர் கைக்குப் போயின. அவர் 2021 முதல் 2023க்குள் நான்கு தொகுப்புகளை மறுபடி பாடிப் பதிவுசெய்து, தலைப்பிலேயே தன் பெயரைச் சேர்த்து வெளியிட்டார். 2025இல் மூலப்பதிவுகளையும் விலைக்கு வாங்கிவிட்டார். நம் ஊரில் ஒப்பாரியும் தாலாட்டும் தொகுத்த நூல்களில் தொகுப்பாளர் பெயர் அட்டையிலும், பாடிய பெண்ணின் பெயர், இருந்தால், பின்னிணைப்பிலும் கிடக்கிறது. தன் குரலைத் திரும்ப வாங்க அவரிடம் பணம் இருந்தது என்பது உண்மை. அது ஒரு பெரிய உண்மை.

பணத்தைப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது ரசிகையின் கட்டுரையாக மட்டும் நின்றுவிடும். 149 நிகழ்ச்சிகள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள், 200 கோடி டாலருக்கு மேல் டிக்கெட் வசூல். சிங்கப்பூர் நிகழ்ச்சிகளுக்கு அந்த அரசு ஊக்கத்தொகை கொடுத்தது. அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் போகக் கூடாது என்ற பேரமும் அதில் உண்டு என்று தாய்லாந்துப் பிரதமர் வெளிப்படையாகக் குறைபட்டார். அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங், அது பகைமையான செயல் அல்ல என்று பதில் சொன்னார். ஒட்டக்கூத்தருக்குச் சோழர்கள் இருந்தார்கள். இந்த உலாவுக்கும் புரவலர் உண்டு.

என் டிக்கெட்டும் விமானச் செலவும் சேர்ந்து, எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் தோழியின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அவளும் அதே பாடல்களைக் கேட்பவள். நான் தங்கியிருந்த பள்ளித் தோழியின் அடுக்குமாடியில், பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பெண் புதுக்கோட்டைப் பக்கம். அவரும் திருச்சியில் விமானம் ஏறி வந்தவர்தான். “பாட்டுக் கேக்கவா அக்கா அவ்ளோ தூரம் வந்தீங்க?” என்று கேட்டார். குரலில் கேலி இல்லை. கொஞ்சம் கழித்து, “நல்லா கத்துனீங்களா?” என்றார். கத்தினேன் என்றேன். வாய்விட்டுக் கத்தி எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவர் தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கத்தல் சின்ன விஷயமில்லை. உரக்கச் சிரிக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பயமில்லாமல் தொண்டை கிழியக் கத்தினோம். 2023 செப்டம்பரில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த இசை நிகழ்ச்சியின் நெரிசலில் தாங்கள் சீண்டப்பட்டதாகப் பெண்கள் எழுதியதைப் படித்தவர்களுக்கு, கூட்டத்தில் கைகளை மார்போடு கட்டிக்கொள்ளாமல் மேலே தூக்கி நிற்பது என்னவென்று தெரியும்.

ஆனாலும் அரங்கம் என்பது பாதுகாப்பின் மறுபெயர் இல்லை. 2023 நவம்பர் 17 அன்று ரியோ டி ஜெனிரோவில் இதே இசைப் பயணத்தின் நிகழ்ச்சிக்கு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த 23 வயது மாணவி வெப்பத்தால் மயங்கி இறந்துபோனாள். தண்ணீர்ப் பாட்டில் உள்ளே கொண்டுவரத் தடை இருந்தது. தண்ணீரை அனுமதிக்க வேண்டும் என்ற அரசு உத்தரவு மறுநாள்தான் வந்தது. அந்தச் செய்திக்குக் கீழே ‘ஒரு பாடகிக்காக இவ்வளவா’ என்று கேட்டவர்களை நானே படித்தேன். கால்பந்து பார்க்கப் போய் நெரிசலில் சாகும் ஆண்களிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. அவள் போனதில் தவறு தேடுகிறவர்கள் தண்ணீரைத் தடுத்தது யார் என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2024 ஆகஸ்டில் வியன்னாவில் நடக்கவிருந்த மூன்று நிகழ்ச்சிகள், தாக்குதல் திட்டம் கண்டுபிடிக்கப்பட்டதால் ரத்தாயின. பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்திருந்த பெண்கள் ஊர் திரும்பவில்லை. அவருடைய பாட்டொன்றில் வரும் தெருவின் பெயரை ஒத்திருந்ததால் கொர்னேலியஸ் தெருவில் கூடினார்கள். பாடகி வரவில்லை, மேடை இல்லை, வருபவர் யாருமில்லாத வீதி. மின்னும் உடைகளோடு நின்று எல்லாப் பாட்டுகளையும் அவர்களே பாடினார்கள். கையிலிருந்த காப்புகளை மாற்றிக்கொண்டு, மிச்சத்தை அங்கிருந்த மரத்தின் கிளைகளில் மாட்டினார்கள்.