கண்டதும் கேட்டதும்

விக்கிரமசிங்கபுரத்தில் வாழ்வோர்க்கு மேற்கே பொதிகை மலையே எல்லை. அம்மலைத் தொடரைக் கடந்து கடற்கரையை அடைந்தால் கொல்லம். இந்தியாவின் முதல் இலத்தீன் மறைமாவட்டம். 1329 ஆகஸ்டில் திருத்தந்தை 22ஆம் யோவான் அதனை நிறுவி, சாமிநாதர் சபைத் துறவி ஜோர்டானுஸ் கத்தலானியை ஆயராக நியமித்தார். அவரை மறைபரப்பாளராக அறிவோர் உண்டு. எழுத்தாளராக அறிவோர் சிலரே. இலத்தீனில் அவர் எழுதிய ‘மிராபிலியா டிஸ்கிரிப்டா’ என்னும் சிறுநூலை ஹென்றி யூல் 1863இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

வியப்புகளின் விவரிப்பு என்பது தலைப்பின் பொருள். ஆயினும் நூலின் பெருமை வியப்பில் இல்லை. மிளகு தீயில் வாட்டப்பட்டே கறுக்கிறது என்று அந்நாளில் சிலர் கூறிவந்தனர். அது பொய் என்று மறுக்கும் ஜோர்டானுஸ், கொடி மரத்தில் படர்வதையும் பச்சைக்காய் முற்றிக் கறுத்துச் சுருங்குவதையும் எழுதுகிறார். பலாப்பழம் ஒன்று ஐவருக்குப் போதும் என்கிறார். அதற்கு இலத்தீன் பெயர் தேடவில்லை. ‘சக்க’ என்று மக்கள் வழங்கியதையே தம் செவிக்கு எட்டியவாறு பதிந்தார். இலங்கையை ஒட்டிய கடலில் முத்துக்குளிக்க 8,000க்கு மேற்பட்ட படகுகள் கூடும் என்பது அவர் கணக்கு. மிகையாயிருக்கலாம். ஆனால் நம் பொருநை சென்று கலக்கும் கடல் அதுவே. படிக்கையில் மனம் புன்னைக்காயலுக்கு ஓடிவிடுகிறது.

தாம் போகாத நாட்டைப் பற்றி எழுதும்போது, அங்குச் சென்றதில்லை, நம்பத்தக்கோர் சொல்லக் கேட்டதே என்று முன்னரே சொல்லிவிடுகிறார். மணி தாங்கிய பறவைநாகங்கள் அதற்குப் பின்னரே வருகின்றன! நம் ஆலய விழா மலர்களில் இப்படி ஒரு வரியை எங்கே காண்கிறோம்? நானும் மலர் பதிப்பித்தவன்தான். குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

இத்தகையவர் ஓரிடத்தில் சறுக்குகிறார். இந்நாட்டில் ஆங்காங்கே சிதறி வாழ்ந்த கிறிஸ்தவர்களைக் குறித்து, இவர்களுக்குத் திருமுழுக்கும் இல்லை, மறையறிவும் இல்லை, புனித தோமையாரையே கிறிஸ்து என எண்ணுகின்றனர் என்று எழுதி நகர்ந்துவிடுகிறார். மிளகுக்கொடிக்குக் காட்டிய பொறுமையை இம்மக்களுக்குக் காட்டவில்லை. குருவானவர் எவரும் வராத தலைமுறைகளில் அந்தப் பெயரையாவது அவர்கள் எப்படிக் காத்தனர் என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. இது எனக்கு வருத்தமே.

ஆயினும் அவரைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை. 1321இல் தானேயில் உடன்வந்த பிரான்சிஸ்கு சபைத் தோழர் நால்வர் மறைசாட்சிகளாய் மடிய, அவர்கள் உடல்களைச் சோப்பாராவில் அடக்கம் செய்துவிட்டுத் தனியராய் நின்றவர் அவர். அடுத்த சில ஆண்டுகளுக்குள் தானேயிலிருந்து அவர் தம் துன்பங்களைச் சொல்லி எழுதிய மடலையும் இந்நூலோடு சேர்த்தே படிக்க வேண்டும். அதில் ஆயரும் இல்லை, வியப்பும் இல்லை. துணைக்கு ஆள் அனுப்புங்கள் என்று கேட்கும் ஒரு துறவி மட்டுமே இருக்கிறார்.