யாரும் தடுக்க நினைக்காத பலகை

காபூலில் பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டினால் ஊர் பேசும். ஸ்கேட்போர்டு புதிது, அதைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. 2007இல் தொடங்கிய ‘ஸ்கேட்டிஸ்தான்’ அந்த இடைவெளியில்தான் சிறுமிகளைப் பலகைமேல் ஏற்றியது. அவர்களைப் பற்றிய கரோல் டைசிங்கரின் ஆவணப்படம் 2020இல் ஆஸ்கர் பெற்றது. உலகம் அதை விடுதலை என்று கொண்டாடியது. எனக்கோ சிரிப்புகளோடு சுவர்களும் தெரிந்தன: பலகைகள் உருண்டது தெருவில் அல்ல, மூடிய கூடத்துக்குள்.

அதே நகரின் சுவர்களில் ஷம்சியா ஹசானி தீட்டிய பெண்களுக்கு வாய் கிடையாது, கண்கள் மூடியிருக்கும், பலரின் கையில் இசைக்கருவி இருக்கும். படம் மெல்லச் சொன்னதை அவர்கள் வாயில்லாமலே உரக்கச் சொன்னார்கள்.

2021இல் தாலிபான் திரும்பியது. பெண்களின் விளையாட்டும் மேல்வகுப்புப் படிப்பும் நின்றன, இசையும் ஒடுக்கப்பட்டது. கண்டுகொள்ளாமல் விடப்பட்ட இடம் உரிமை ஆகாது. தெரு நமதாகும்வரை அது வெறும் சலுகை.