பானைக்கும் கப்பலுக்கும் ஒரே சொல்

ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில், இரண்டாம் அங்கம் நான்காம் காட்சி. மதுவிடுதி. ஃபால்ஸ்டாஃபும் டால் டேர்ஷீட் என்ற பாலியல் தொழிலாளியும் பார்த்த மாத்திரத்தில் சண்டை பிடிக்கிறார்கள். விடுதிக்காரம்மா குவிக்லி நடுவில் புகுந்து டாலுக்குப் புத்தி சொல்கிறாள். யாராவது ஒருத்தர் தாங்கித்தான் போகணும், அது நீயாத்தான் இருக்கணும், ஊரே சொல்றாப்ல நீதானே பலவீனமான 'வெசல்', அதுவும் காலியான வெசல் என்கிற தொனியில்.

டால் விடுவாளா? காலிப் பாத்திரம் இவ்வளவு பெரிய நிறைந்த பீப்பாயை எப்படித் தாங்கும் என்கிறாள். பீப்பாய் என்றது எதிரில் நிற்கும் குண்டரைத்தான். அதே மூச்சில் பீப்பாய் கப்பலாகிவிடுகிறது. ஒரு வியாபாரியின் மொத்த போர்தோ சரக்கும் இந்த ஆளுக்குள்ளே இருக்கு, இதைவிட வயிறு நிரம்பின கப்பலை நீ பார்த்திருக்கவே மாட்டே என்று முடிக்கிறாள்.

படுக்கையறைக் கிண்டல்தான், சந்தேகமில்லை. ஆனால் பானை பீப்பாயாகி, பீப்பாய் கப்பலாகும் இந்த ஓட்டத்துக்கு வழிவிட்டது வெசல் என்ற சொல். லத்தீனில் சின்னப் பாத்திரத்தைக் குறித்த சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இன்றைய பிரெஞ்சில் அந்தக் குடும்பம் பாகம் பிரித்துக்கொண்டுவிட்டது: 'வைஸ்ஸோ' கப்பல், 'வைஸ்ஸெல்' சாப்பாட்டுத் தட்டுமுட்டு. ஆங்கிலம் பிரிக்கவில்லை. சட்டி, கப்பல், உடம்பில் ரத்தம் ஓடும் குழாய் எல்லாமே வெசல்தான். தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டால் பானை, வெளியே நிறுத்திவிட்டால் கப்பல். வேலை ஒன்றுதானே.

குவிக்லி சொல்வது அவளுடைய சொந்தச் சரக்கு அல்ல. பேதுருவின் முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம். மனைவியைப் பலவீனமான வெசல் என்று 1526-இல் டிண்டேல் மொழிபெயர்த்தார், 1611-இன் கிங் ஜேம்ஸ் பைபிளும் அதையே வைத்துக்கொண்டது. அந்த வசனம் கணவர்களைப் பார்த்துப் பேசுகிறது, மனைவிக்கு மரியாதை கொடு என்கிறது. ஜனங்கள் மரியாதையை விட்டுவிட்டு இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு பழமொழியாக்கிவிட்டார்கள். (இந்த மாதிரி விஷயத்தில் எல்லா ஊர் ஜனங்களும் ஒன்றுதான்.)

கிரேக்க மூலத்தில் இருப்பது 'ஸ்கெயூஓஸ்'. பாத்திரம், கருவி, தட்டுமுட்டுச் சாமான், கப்பலின் பாய் கயிறு வகையறாகூட அதில் அடங்கும், ஆனால் கப்பல் அடங்காது. ஆக, டாலின் பதிலடி கிரேக்கத்தில் பிறந்திருக்க முடியாது. அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுலை இறைவன் தேர்ந்தெடுத்த வெசல் என்கிறபோதும் கிரேக்கத்தில் அதே சொல்தான். தமிழுக்கு வந்தால் வேறு கதை. நம் பழைய மொழிபெயர்ப்பில் பவுல் 'பாத்திரம்', மனைவி 'பாண்டம்'.

காதில் விழுகிற வித்தியாசத்தைக் கவனியுங்கள். அன்புக்குப் பாத்திரமானவர், கதாபாத்திரம் என்றெல்லாம் பாத்திரத்துக்கு ஒரு தகுதி, ஒரு மேடை இருக்கிறது. பாண்டத்துக்கு? அடுப்படியில் சட்டியோடு சேர்ந்து கிடக்கும். மொழிபெயர்த்தவர்கள் திட்டமிட்டு ஓரவஞ்சனை செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பவுல் தன்னையும் சேர்த்து மண்ணால் ஆன கலங்கள் என்று கொரிந்தியருக்கு எழுதும் இடத்தில் அவர்கள் பாண்டம் என்றே போடுகிறார்கள். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணுக்கும் பலவீனமான பெண்ணுக்கும் மூலத்தில் ஒரே சொல் என்ற தகவல் தமிழ் வாசகருக்குக் கிடைக்காமலே போகிறது.

இத்தனைக்கும் நம்மிடம் 'கலம்' இருக்கிறது. உண்கலம், மட்கலம், மரக்கலம். அகநானூறு 149-இல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் கப்பல் கலம்தான். புறநானூறு 256-இல் குயவனைக் கூப்பிடும்போது அவனும் கலம் செய்கிறவன்தான். அந்தப் பாட்டில் கணவனைப் பறிகொடுத்தவள், வண்டிச் சக்கரத்து ஆரக்காலை ஒட்டிக்கொண்டு வந்த பல்லி மாதிரி அவனோடு வழியெல்லாம் வந்தவள், ஈமத்தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய், எனக்கும் இடம் வேண்டும் என்கிறாள். இங்கே அவள் பாண்டம் இல்லை. பாண்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அளவு சொல்கிறவள்.

டாலைத் தமிழில் கொண்டுவருகிறவர் கலத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. குவிக்லி 'வெறுங்கலம்' என்பாள், டால் அதை 'மரக்கலம்' வரை தள்ளிக்கொண்டு போவாள். 'தாங்கு' பாரத்துக்கும் பொறுமைக்கும் ஏற்கெனவே பொருந்துகிறது. கடைக்காரம்மா வாயில் கலமா, அது விண்கலம், மின்கலம் என்று செய்தித்தாளில் மட்டும் மிஞ்சியிருக்கிற சொல்லாச்சே என்று கேட்கலாம். குவிக்லியே பெரிய சொற்களை அரைகுறையாகக் கேட்டு, தப்புத்தப்பாகப் பேசிப் பேர் வாங்கினவள். பிரசங்கத்துச் சொல் ஒன்று அவள் வாயில் துருத்திக்கொண்டு நிற்பதுதான் சரி. பாத்திரம் என்று போட்டால் டாலுக்குக் கப்பலே கிடைக்காது.

கப்பல் கிண்டல் முடிந்த கையோடு டால் சமாதானமாகிவிடுகிறாள். குவிக்லி சொன்ன காரணத்துக்காக இல்லை. கிழவர் போருக்குப் போகிறார், இனி அவரைப் பார்ப்பேனோ மாட்டேனோ, அதைப் பற்றி யாருக்கும் கவலையும் கிடையாது என்கிறாள்.