பெயர் எழுதாத பொத்தான்கள்

கணினியில் ஜிமெயிலைத் திறந்து ஒரு மடலைத் தேர்ந்தெடுங்க. மேலே வரிசையாகச் சின்னங்கள் வரும். அதில் கீழ்நோக்கி அம்புக்குறி போட்ட பெட்டி ஒன்று இருக்கும். பார்த்தால் பதிவிறக்கம் மாதிரி தெரியுது. ஆனால் அது மடலை இன்பாக்ஸிலிருந்து எடுத்துக் காப்பகப்படுத்தும் பொத்தான். பக்கத்திலேயே ஆச்சரியக்குறி போட்ட எண்கோணம். அது ஸ்பேம் என்று புகார் செய்ய. தெரியாம அழுத்தினா, முக்கியமான மடல்கூட கண்ணில் படாமல் போயிடும்.

'எழுத்து படித்தவருக்குத்தான், படம் எல்லாருக்கும் புரியும்' என்பது வழக்கமான வாதம். பூதக்கண்ணாடி, குப்பைத்தொட்டி வரைக்கும் சரி. ஆனால் 'பகிர்' என்பதற்கு என்ன படம் வரைவது? ஆண்ட்ராய்டில் கோடுகளால் இணைத்த மூன்று புள்ளிகள். ஐபோனில் மேல்நோக்கி அம்பு போட்ட சதுரம். இரண்டையுமே மனப்பாடம்தான் செய்யணும். கணினியிலாவது மவுஸை மேலே கொண்டுபோனால் பெயர் தெரியும். தொடுதிரையில் மவுஸ் ஏது?

இடம் போதாது என்பார்கள். உண்மைதான், தமிழில் சொற்கள் நீளம். அப்படின்னா குறைக்க வேண்டியது பொத்தான்களை, பெயர்களை இல்லை. யூடியூப் செயலியின் கீழ்ப்பட்டையைப் பாருங்க: நாலைந்து பொத்தான்தான், வீட்டுப் படத்துக்குக் கீழே பெயரும் இருக்கு.

ஜிமெயிலும் கணினியில் ஒரு வழி வைத்திருக்கு. அமைப்புகளுக்குள் போனால் சின்னங்களுக்குப் பதிலா எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அங்கே போகணும்னா, முதலில் பல்சக்கரப் படம்தான் 'அமைப்புகள்' என்று தெரிஞ்சிருக்கணும்!