செய்து பார்க்கச் சொல்லும் ஏடுகள்

அரபுப் பொறிநூல்களின் ஏடுகள் இன்று அருங்காட்சியகங்களில் பெரும்பாலும் ஓவியங்களாகவே மதிக்கப்படுகின்றன. அல் ஜசரி நூலின், 1315இல் எழுதப்பட்ட ஒரு பிரதியின் யானைக் கடிகார ஏடு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வண்ணத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இந்த மரபை வண்ணத்தால் எடைபோடுவது பொருந்தாது. நூலை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கம்மியர் பொறியைச் செய்து ஓட்ட முடியுமா என்பதே இதற்கான உரைகல்.

அந்த உரைகல்லில் உரைத்தால் மரபின் கிளைகள் வெவ்வேறு மாற்றுக் காட்டும். 9ஆம் நூற்றாண்டு பக்தாதின் பனூ மூசா சகோதரர்கள் கிரேக்கர்களான ஃபிலோ, ஹீரோன் வழிவந்து, சுமார் நூறு கருவிகளை விவரித்தார்கள். பெரும்பாலானவை மாயக் குடுவைகள். அவற்றுக்குள் வால்வுகளை அடுக்கிய நுட்பம்தான் அவர்கள் பலம். அந்தலூசியாவின் அல் முராதிக்குப் பல்சக்கரங்களில் பிடிப்பு. அவர் நூல் 1266ஆம் ஆண்டுப் பிரதியாக, சிதைந்த நிலையில், ஃப்ளோரன்ஸில் எஞ்சியிருக்கிறது. டமாஸ்கஸின் ரித்வான், தந்தை கட்டிய ஜைரூன் வாயில் கடிகாரத்தைச் செப்பனிட்டு, அதைப் பற்றி 1203இல் ஒரு நூல் எழுதினார். வரிசை குழம்பிய நூல்தான். இருந்தும் பழுதுபார்த்த கை எழுதியது என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு அதிகம்.

இவர்களுக்கெல்லாம் மேலே தியார்பகீர் அரசவையின் அல் ஜசரியை வைப்பதற்குக் காரணம், 1206இல் முடித்த நூலில் அவர் விவரித்த 50 கருவிகளின் எண்ணிக்கை அல்ல. முன்னோரைச் சோதித்து ஏற்கும் குணம்தான். பனூ மூசாவின் நீரூற்றுகள் வடிவம் மாறும் இடைவெளி மிகக் குறுகியது, மாற்றம் கண்ணில் நிற்பதில்லை என்று குறை கண்டு, மெல்ல நிரம்பிக் கவிழும் தொட்டியை வைத்து அந்த இடைவெளியை நீட்டினார். யானைக் கடிகாரத்தில் யானையின் வயிற்றுக்குள், நம் நாழிகை வட்டில் போலத் துளையிட்ட கிண்ணமொன்று மிதக்கும். அரை மணியில் அது மூழ்கும்போது கயிறு இழுபட்டு மேலிருந்து உலோகக் குண்டு விழும். கீழே உள்ள நாகப் பொம்மையின் வாய் குண்டை ஏந்தும். பாரத்தில் நாகம் தாழ, சங்கிலி கிண்ணத்தைத் தூக்கி நிறுத்திவிடும். யாரும் தொடாமலே அடுத்த சுற்று தொடங்குகிறது.

படங்களில் ஆழம் இல்லை, மேலிருந்து பார்ப்பதும் பக்கவாட்டில் பார்ப்பதும் ஒரே தாளில் கலந்துவிடுகின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் படம் தனியாகப் பேச வரையப்பட்டதல்ல. உறுப்புகளுக்கு எழுத்துக் குறியிட்டு, அளவையும் செய்முறையையும் உரையில் வைத்தார் ஜசரி. அந்த உரையை நம்பித்தான் 1976இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்காக அவருடைய கோட்டைக் கடிகாரத்தைக் கட்டினார்கள், ஓடியது. உரையிலிருந்து கிழித்துச் சட்டமிட்ட ஏட்டில் அந்தக் குறிகள் வெறும் கிறுக்கல்.

அரண்மனை விளையாட்டுச் சாமான்கள் என்ற குற்றச்சாட்டு கொஞ்சம் கனமானது. மதுப்பாத்திரங்களுக்கும் கை கழுவும் பொம்மைகளுக்கும் செலவழித்தவர்கள் அரசர்கள்தான், அதை மறைப்பானேன்? அதே நூலில்தான் எதிரெதிரான இரண்டு செம்பு உருளைகள், உறிஞ்சுகுழாய்கள், வால்வுகளோடு நீரேற்றும் பம்பும் இருக்கிறது. ஒரு பிஸ்டன் இழுக்கும்போது மற்றது தள்ளும். 1551இல் உதுமானியப் பேரரசின் அறிஞர் தகீ அல்தீன் ஆறு உருளைப் பம்பை விவரித்தபோது, விருந்துக்கூடத்தை விட்டு நீர்த்துறைக்கு வந்த இந்தக் கிளை இன்னும் தழைத்துக்கொண்டிருந்தது.