கண்டெடுத்த பொருளும் உடையவரும்

2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில், பரந்தனிலிருந்து விசுவமடு வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியால் வன்னி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். அவர்கள் கைவிட்டுச் சென்ற துவிச்சக்கரவண்டிகள் போரின் பின்னர் குவியல்களாகத் துருவேறிக் கிடந்தன. நவீன சிற்பியொருவன் அக்குவியலை எவ்வாறு நோக்குவான் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

மேலைநாட்டில் 'கண்டெடுத்த பொருள்' சிற்பமாக மாறிய வரலாற்றில் துவிச்சக்கரவண்டிக்குத் தனியிடமுண்டு. மார்சல் டுஷாம் 1913 இல் அதன் சில்லொன்றை முக்காலியின்மீது பொருத்தினார். பிக்காசோ 1942 இல், ஜேர்மனியர் வசமிருந்த பாரிசில், ஆசனத்தையும் கைபிடியையும் இணைத்துக் காளைத் தலையாக்கினார். அத்தலை மீண்டும் எவனோ ஒருவனின் வண்டிக்கு உறுப்பாகலாம் என்று அவர் வேடிக்கையாகக் கூறியதுமுண்டு. அவ்வண்டி யாருடையது என்று எவரும் வினவவில்லை. கண்டெடுத்தல் என்னும் கோட்பாடே உடையவரின் மறைவில் தங்கியுள்ளது எனலாம். வன்னியிலோ, பொருளாதாரத் தடைக்காலத்தில் நெல்மூடையும் விறகும் நோயாளியும் சென்றது துவிச்சக்கரவண்டியிலேயே. அதனை வெறும் இரும்பென்று எவ்வாறு கொள்வது?

இவ்விடத்தில் தா. சனாதனனின் ஆக்கங்கள் கருதத்தக்கன. 1969 இல் பிறந்து, டில்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பித்த இவர், கடைந்தோ ஒட்டியோ உருச்செய்பவரல்லர். போர்நிறுத்த காலமான 2004 இல், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நிகழ்ந்த 'அகம் புறம்' காட்சியில், குடாநாட்டு வீடுகளிலிருந்து பெற்ற அன்றாடப் பொருள்களை 'வரலாறுகளின் வரலாறு' எனும் பொருள்படும் தலைப்பில் வைத்தார். 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரியுண்ட நூலகம் அது. நூல்கள் இருந்த இடத்தில் வீட்டுப் பொருள்கள் ஆவணங்களாக நின்றன. இவை கண்டெடுக்கப்பட்டவை அல்ல, கையளிக்கப்பட்டவை. இது நூதனசாலையேயன்றிச் சிற்பமன்று என்பார் உளர். பிக்காசோவின் காளை தன் மூலப்பொருளை வென்று நிற்கின்றது. இங்கு மூலப்பொருள் வெல்லப்பட மறுக்கின்றது. அம்மறுப்பே இவ்வாக்கத்தின் வடிவம் என்பது எமது கருத்து.

ஆயினும் இம்முறைக்கும் எல்லையுண்டு. கையளிப்பதற்கு வீடு எஞ்சியிருத்தல் வேண்டும். வீடே இழந்தவரிடம் எப்பொருளைக் கேட்பது? 2011 இல் வெளிவந்த அவரது 'முற்றுப்பெறாத தோம்பு' இதற்கு வேறு வழி தேடிற்று. ஒல்லாந்தர் காலக் காணிப்பதிவேட்டின் பெயரைத் தாங்கிய அந்நூலில், இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்துள்ளனர். அதனருகே கட்டடக் கலைஞரின் அளவுப்படமும் சனாதனனின் ஓவியமும் உள்ளன. மூன்றையும் ஒப்பிடுமிடத்து, கோணலான முதற்படமே நம்மை நெடுநேரம் நிறுத்துகின்றது. கிணறு எங்கிருந்தது, படலை எத்திசையில் திறந்தது என்பதை அக்கை அறியும். கலைஞரின் ஓவியம் சிலவிடங்களில் அக்கோட்டின் முன் மிகையாகவே தோன்றுகின்றது.

விசுவமடு வீதிக்கு மீள்வோம். அவ்விரும்பைச் சிற்பமாக்க முனையும் ஒருவர், ஒட்டும் கருவியைக் கையிலெடுக்குமுன் அயற்கிராமங்களுக்குச் சென்று, வண்டியின் சட்டத்தைக் காட்டி, அது யாருடையதென்று விசாரிக்க வேண்டியவராவார்.